பகேரியாவிலிருந்து வாஷிங்டனுக்கு

இராசாத்தி அக்கா இத்தாலியில் சிசிலித் தீவின் பலெர்மோவுக்கு வந்து இருபது வருடமாகிறது. அதில் ஏழு வருடம் பக்கத்து ஊரான பகேரியாவில் ஒரு அமெரிக்கக் கிழவியைப் பார்த்துக்கொண்டார். பலெர்மோவின் அல்பெர்கேரியாப் பகுதியில் அக்காவுக்குக் கீழ்வீட்டில் இருப்பவன் என்பதால் இந்தக் கதை எனக்குத் துண்டு துண்டாகத்தான் கிடைத்தது. படியில் சந்திக்கும்போது கொஞ்சம், பல்லாறோச் சந்தையில் கத்தரிக்காய் தெரிவு செய்யும்போது கொஞ்சம். அவர் எதையும் நீட்டிச் சொல்பவரல்ல. பெருமூச்சு விட்டுவிட்டு மரக்கறிப் பையைக் கை மாற்றிக்கொண்டு மேலே ஏறிவிடுவார். நான் கேட்டவற்றை ஒழுங்காக அடுக்கிச் சொல்கிறேன்.

அக்கா மன்னாரைச் சேர்ந்தவர். கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளிக்கூடத்தில் படித்து, பிறகு பங்குப் பணிமனையில் ஞானஸ்நானப் பதிவுகள் எழுதியவர். கையெழுத்து அச்சுப் போல இருக்கும், ஆங்கிலமும் பிழையில்லாமல் எழுதுவார். இத்தாலிக்கு வந்தபின் அந்த இரண்டாலும் ஒரு பயனும் இருக்கவில்லை. கணவர் ஏர்னஸ்ற் ஸ்ஃபெர்ராகவால்லோவில் ஒரு மீன் உணவகத்தில் கோப்பை கழுவினார். அக்கா வீடுகளைக் கூட்டித் துடைத்தார், கிழடுகளைக் குளிப்பாட்டினார். மகள் மொனிகா இங்கேதான் பிறந்தாள்.

2012 இல் கார்மேலாவைப் பார்க்கும் வேலை வந்தது. சிஞ்ஞோரா, அதாவது அம்மா, என்றுதான் அக்கா அவரைக் கூப்பிடுவார். கிழவி பென்சில்வேனியாவில் ஒரு நிலக்கரி ஊரில் பிறந்தவர். தாய் தகப்பன் சிசிலியின் கந்தகச் சுரங்கத்தை விட்டு அமெரிக்காவின் கரிச் சுரங்கத்துக்குப் போனவர்கள். கணவர் சால்வத்தோரேயும் சுரங்கத் தொழிலாளிதான். அவர் இறந்து சில வருடங்களின் பின், சின்னம்மா ஒருத்தி எழுதிவைத்த பகேரியா வீட்டுக்குக் கார்மேலா வந்துவிட்டார். ஒரே மகன் புளோரிடாவில். கிறிஸ்மஸுக்குத் தொலைபேசியில் கூப்பிடுவான்.

அக்கா காலையில் ரயிலேறிப் போய், மத்தியானச் சாப்பாடு சமைத்து, கிழவியின் கால்களுக்கு எண்ணெய் பூசி, மாலையில் திரும்புவார். மூன்று மாதம் போனபிறகு ஒருநாள் மருந்துக்கடையில் காட்டவென்று அக்கா ஒரு துண்டில் மருந்துகளின் பெயர்களை எழுதினார். கிழவி அந்தத் துண்டைக் கையில் எடுத்து நெடுநேரம் பார்த்தார். தன் கை நடுங்கத் தொடங்கி இரண்டு வருடமாகிறது, கடிதம் எழுத முடிவதில்லை, தனக்காக எழுத முடியுமா என்று கேட்டார். அக்கா மகனுக்குத்தான் என்று நினைத்தார். முதற் கடிதம் அமெரிக்கப் பாராளுமன்றமான காங்கிரஸின் உறுப்பினர் ஒருவருக்குப் போனது.

விசயம் இதுதான். கரித்தூசி வருடக்கணக்காக உள்ளே போய் நுரையீரல் கறுத்து இறுகிவிடும் நோய் ஒன்று இருக்கிறது. சால்வத்தோரே அதில்தான் இறந்தார். கடைசி நான்கு வருடம் படுக்க முடியாமல் நாற்காலியில் நிமிர்ந்திருந்தே நித்திரை கொண்டவர். இந்த நோய் வந்தவர்களுக்கும் விதவைகளுக்கும் கம்பனி மாதாமாதம் கொடுக்கவேண்டும். கம்பனி முறிந்துபோனால் அரசாங்க நிதியம் ஒன்று கொடுக்கும். தோண்டியெடுக்கும் ஒவ்வொரு தொன் கரிக்கும் கம்பனிகள் கட்டும் வரியில் அந்த நிதியம் ஓடுகிறது. 2018 முடிவோடு அந்த வரி பாதிக்கும் கீழே இறங்கிவிடும் என்று சட்டத்தில் எழுதியிருந்தது. பழைய அளவிலேயே நீட்டச் சொல்லி விதவைகளின் சங்கம் கேட்டது. தொழிலே நலிந்துபோயிருக்கிறது, இறங்கட்டும் என்றது கரிக் கம்பனிகளின் சங்கம்.

கார்மேலாவுக்குத் தன் கொடுப்பனவைப் பற்றிப் பயமில்லை. கம்பனி வைத்தியர்கள் எல்லாம் சிகரெட்டால் வந்தது என்று சொல்ல, பதினொரு வருடம் வழக்காடி வாங்கியது அது. தனக்கு இனி எத்தனை வருடம் என்று அவரே சொல்வார். நிதியம் கடனில் அமிழ்ந்தால் நாளை யாராவது எழுந்து, காசில்லை, ஆட்களைக் குறையுங்கள் என்பான், அப்போது இப்போது இருமத் தொடங்கியிருக்கிற இளம் ஆட்கள் அகப்படுவார்கள் என்பதுதான் அவருடைய யோசனை.

விதவைகளின் சங்கத்துச் செயலாளர் டொலோரஸும் ஒரு விதவை. அவர் பென்சில்வேனியாவிலிருந்து அடிக்கடி கூப்பிடுவார். கணினியில் ஒரே மாதிரி அனுப்பும் கடிதங்களை அங்கே மொத்தமாக எண்ணி ஒதுக்கிவிடுவார்கள், கையால் எழுதிய கடிதத்தை யாராவது ஒருவராவது வாசிப்பார் என்று அவர் சொல்லியிருந்தார். அதைவிட முக்கியம், எழுதுபவர் அந்தத் தொகுதி வாக்காளராக இருக்கவேண்டும். கார்மேலா சிசிலியில் இருந்தாலும் அவருடைய வோட்டுப் பழைய ஊரிலேயே இருந்தது. அதனால் ஒவ்வொரு கடிதத்தின் தலையிலும் அந்த ஊரின் ஐந்து இலக்க அஞ்சல் எண்ணை எழுதவேண்டும். அக்காவுக்குத் தன் தொலைபேசி எண்ணே சிலவேளை மறந்துபோகும், இந்த எண் மறக்காது.

கடிதத்தோடு தொலைபேசியும் இருந்தது. பகேரியாவில் பின்னேரம் மூன்று மணி என்றால் வாஷிங்டனில் காலை ஒன்பது. அலுவலகம் திறந்த கையோடு கூப்பிட்டால்தான் ஆள் எடுக்கும். அக்கா எண்ணை அழுத்திக் கிழவியின் காதோடு பிடித்துக்கொண்டு நிற்பார். கிழவி முதல்நாளே சொல்லவேண்டியதை யோசித்து, அதை அக்கா எழுதி, இரண்டு தரம் வாசித்துப் பழகியிருப்பார்கள். ஒருநாள் பேசத் தொடங்கும்போதே கிழவிக்கு இருமல் பிடித்துவிட்டது. தொலைபேசியை அக்கா பக்கம் தள்ளினார். அக்கா தான் அவருக்காகப் பேசும் ஆள் என்று சொல்லித் தாளில் இருந்ததை வாசிக்கத் தொடங்கினார். அந்தப் பக்கத்தில் ஓர் இளம்பெண். மரியாதையான குரல். மூன்றாவது வரியில் நிறுத்தி, வரியை நீட்டுவதற்கு ஆதரவா எதிரா என்று கேட்டாள். ஆதரவு. அஞ்சல் எண்? அக்கா சொன்னார். குறித்துக்கொண்டேன், நன்றி. முழுக்க ஒரு நிமிடம்கூட இல்லை.

அக்காவுக்கு ஏமாற்றமாகிவிட்டது. அவ்வளவுதானா என்று கேட்டாராம். ஒரு கோடு போட்டிருப்பார்கள், வெள்ளிக்கிழமை கோடுகளைக் கூட்டுவார்கள், கோடு இல்லாவிட்டால் நாங்கள் இல்லை என்றுதான் அர்த்தம் என்றார் கிழவி.

ஏர்னஸ்ற்றுக்கு இந்த வேலை பிடிக்கவில்லை. கிழவியைப் பார்க்கத்தானே சம்பளம், அரசியல் பார்க்கவா என்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் அங்கே இருந்தேன். கம்பனிக்காரர் வாஷிங்டனில் கந்தோரே வைத்திருக்கிறார்கள் என்று அக்கா சொல்லிக்கொண்டிருந்தார்.

"அப்ப அது லஞ்சம்தானே? இஞ்சை கெஸ்தூராவிலை ஆளைத் தெரிஞ்சவன் முன்னுக்குப் போறமாதிரி," என்றார் ஏர்னஸ்ற்.

"லஞ்சம் இல்லையப்பா. இஞ்சை ஆளைத் தெரிஞ்சவன் பின்வாசலாலை போவான். அங்கை முன்வாசலாலை, பேர் பதிஞ்சு போட்டுப் போகினம். அதுதான் அவையின்ரை உத்தியோகம். முந்தி அந்தக் காங்கிரஸ்காரருக்கு வேலை செய்த ஆக்களே பிறகு கம்பனிக்காரரின்ரை சங்கத்துக்கு வந்து வேலை செய்யினமாம். விதவையளும் அதே வாசலாலைதான் போகவேணும். ஆனா அவைக்கு வருசத்துக்கு ஒருக்கால் பஸ் பிடிச்சுத்தான் போகலாம்."

பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கக் கொடுத்து ஐந்து மாதமாகியும், கெஸ்தூரா என்ற பொலிஸ் பணிமனையிலிருந்து அக்கா குடும்பத்துக்கு இன்னும் அழைப்பு வந்திருக்கவில்லை. யாரையும் தெரியாத ஆட்கள் அவர்கள்.

2018 இலையுதிர் காலத்தில் விதவைகளின் சங்கம் அந்தப் பஸ்ஸை ஒழுங்கு செய்தது. வர முடியாதவர்கள் இரண்டு நிமிடப் பேச்சொன்றைப் பதிந்து அனுப்பவேண்டும். அக்கா கிழவிக்குத் தலைசீவி, நீலச் சட்டை போட்டு, ஜன்னலோரம் இருத்தித் தன் தொலைபேசியில் படமெடுத்தார். நான்கு தரம் எடுக்கவேண்டியிருந்தது. கிழவி சொல்ல விரும்பியது வழக்கைப் பற்றி. கம்பனி அமர்த்திய வைத்தியர் ஒருவர் சால்வத்தோரேயைத் தொட்டும் பாராமல் அறிக்கை எழுதியதையும், அந்த அறிக்கையைப் பொய்யென்று காட்டப் பதினொரு வருடம் போனதையும் வரிசையாகச் சொன்னார். கடைசியில் அந்த நாற்காலியைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் குரல் உடைந்தது.

சங்கம் அதை வெட்டி இருபது விநாடியாக்கியது. இருபதும் அழுத பகுதி. வைத்தியர் இல்லை, வழக்கு இல்லை. கிழவி அதைப் பார்த்துவிட்டு அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. நான் சொன்னதை விட்டுவிட்டு என் கண்ணீரை எடுத்திருக்கிறார்கள் என்றாராம். டொலோரஸ் மன்னிப்புக் கேட்டார். அலுவலக நடைக்கூடத்தில் நிற்கும்போது தொலைபேசியில் காட்டவேண்டிய படம், அதற்குமேல் ஒருவரும் பார்க்கமாட்டார்கள் என்று விளக்கினார்.

பயணம் எப்படிப் போனது என்பதையும் டொலோரஸ்தான் சொன்னார். அக்கா தொலைபேசியின் ஒலியைக் கூட்டி மேசையில் வைத்திருக்க, இருவரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். விதவைகள் பதினான்கு பேர், ஒட்சிசன் குழாயோடு வந்த நோயாளிகள் மூன்று பேர். உறுப்பினரின் அறைக்கு வெளியே கதிரைகள் போதவில்லை. அவர்கள் காத்திருந்தபோது கம்பனிகளின் சங்கத்து ஆட்கள் இரண்டு பேர் வந்து, வாசலில் இருந்த பெண்ணிடம் அவளுடைய பிள்ளையின் பல் சுகமாகிவிட்டதா என்று கேட்டுவிட்டு உள்ளே போனார்கள். விதவைகளுக்குப் பத்து நிமிடம் கிடைத்தது. கேட்டுக்கொண்டிருந்தவர் உறுப்பினரல்ல, வேலைக்கு வந்து சில மாதமேயான உதவியாளர். நல்ல பெடியன், எல்லாவற்றையும் எழுதிக்கொண்டான், ஆனால் இப்படி ஒரு நோய் இருப்பதே அன்றுதான் அவனுக்குத் தெரியும் என்றார் டொலோரஸ். முடிவில் உறுப்பினர் வந்து எல்லோரோடும் நின்று படமெடுத்தார்.

இதைக் கேட்டபின் கிழவி சொன்ன ஒன்றை அக்கா என்னிடம் இரண்டு தரம் சொல்லியிருக்கிறார். கம்பனிக்காரர் எங்களைவிடக் கெட்டிக்காரர் என்றோ பொல்லாதவர் என்றோ இல்லை. அவர்கள் களைக்கமாட்டார்கள், அது அவர்களுக்குச் சம்பள வேலை. நாங்கள் களைத்துப்போவோம்.

மார்கழியில் உறுப்பினரின் பதில் வந்தது. நல்ல தடித்த தாள். தங்கள் கருத்துக்கு நன்றி, எமது பிரதேசத்தின் கரித்தொழிலையும் அதிலுள்ள வேலைவாய்ப்புகளையும் பாதுகாக்க அயராது உழைத்து வருகிறேன் என்று இருந்தது. கிழவி இரண்டாம் தரமும் வாசிக்கச் சொன்னார். வாசித்து முடிய, இது வேறு யாருக்கோ எழுதின பதில் என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டார். அந்த வருடக் கடைசி நாளோடு வரி இறங்கியது. அக்கா அடுத்தநாள் புத்தாண்டுப் பூசைக்குப் போய்விட்டு, விடுமுறை நாளென்றும் பாராமல் பகேரியாவுக்குப் போனார். கிழவி மேசையில் தாள்களை எடுத்து வைத்திருந்தார். இறங்கியதை ஏற்றச் சொல்லி இனி எழுதவேண்டும் என்றார்.

2019 முழுவதும் எழுதினார்கள், ஆனால் கிழவி மெல்ல மெல்லக் கரைந்துகொண்டிருந்தார். ஒரு கடிதத்தைச் சொல்லி முடிக்க மூன்று நாளானது. சொல்ல வந்த இடத்தில் நித்திரையாகிவிடுவார். அக்கா அந்த நேரத்தில் துணி மடித்துவிட்டு, அவர் விழித்ததும் கடைசி வரியை வாசித்துக் காட்டுவார். ஆவணி மாதத்தில் ஒருநாள் நான்கு வெற்றுத் தாள்களை எடுக்கச் சொல்லி, ஒவ்வொன்றின் அடியிலும் கையெழுத்திட்டார். பேனா வழுக்கியது, அக்கா மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். எனக்குச் சொல்ல முடியாமல் போனால் என்ன எழுதவேண்டும் என்று உனக்குத் தெரியும்தானே என்றார். அக்கா ஓம் என்றார். அந்த நேரத்தில் வேறென்ன சொல்வது.

ஐப்பசியில் கார்மேலா இறந்தார். மகன் வந்தான், மூன்று நாள் நின்றான், வீட்டுத் திறப்பை வாங்கிக்கொண்டான். தாயின் கடிதங்களைப் பற்றி அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை, அக்காவும் சொல்லவில்லை. வேலை போனது. பெர்மெஸ்ஸோவுக்கு வேலை ஒப்பந்தம் வேண்டும் என்பதால் அக்கா ஒரு மாதம் அலைந்து, பலெர்மோவிலேயே படுத்த படுக்கையாக இருந்த ஒரு கிழவரைப் பார்க்கும் வேலையைப் பிடித்தார். கனமான மனிதர். புரட்டிப் படுக்கவைக்க முதுகு முறியும். கையெழுத்திட்ட நான்கு தாள்களும் ஒரு மெல்லிய உறையில் அக்காவின் அலுமாரியில் கிடந்தன.

மார்கழி தொடங்கி ஒரு கிழமை போக, அந்தக் கிழவருக்குப் பிஸ்கற் நனைத்துத் தீத்திக்கொண்டிருந்தபோது டொலோரஸ் கூப்பிட்டார். கார்மேலா இறந்ததை மகன் சங்கத்துக்கு அறிவித்திருக்கவில்லை, வேலை தேடிய அலைச்சலில் அக்காவும் கூப்பிட்டிருக்கவில்லை. டொலோரஸ் வழக்கம்போல நேராக வேலையில் இறங்கினார். வருட முடிவுச் சட்டத்தில் வரியைச் சேர்க்க ஒரு வாய்ப்பு வந்திருக்கிறது, அந்த உறுப்பினரின் தொகுதியிலிருந்து கடிதம் மிகக் குறைவு, கார்மேலாவை உடனே எழுதச் சொல்லு என்றார். சிஞ்ஞோரா இறந்து ஏழு கிழமையாகிறது என்று அக்கா சொன்னார். எப்படி என்று டொலோரஸ் கேட்டார். நித்திரையில் என்று அக்கா சொன்னார். படுத்தபடியா? ஓம், படுத்தபடி. கணவன்மார் படுக்க முடியாமல் செத்த அந்தப் பெண்களுக்கு அது பெரிய விசயம் என்று அக்காவுக்குத் தெரியும்.

பிறகு அக்காவே அந்தத் தாள்களைப் பற்றிச் சொன்னார். கையெழுத்து இருக்கிறது, திகதி இல்லை, நான் எழுதி அனுப்புகிறேன், மேலே உள்ள எழுத்தில் ஒரு வித்தியாசமும் தெரியாது, இத்தனை வருடமும் எழுதியது இந்தக் கைதானே என்றார். சொல்லும்போதே, பொய்யா அது, கிழவி சொல்லிவிட்டுப் போனதுதானே என்று தனக்குள் வாதாடிக்கொண்டிருந்தாராம்.

டொலோரஸுக்கும் ஆசை வந்திருக்கும் என்று அக்கா நினைக்கிறார். ஆனால் வேண்டாம் என்றார். செத்த ஒருத்தியின் கடிதம் ஒன்று அகப்பட்டால் போதும், விதவைகளின் கடிதங்கள் எல்லாமே இப்படித்தான் என்று கம்பனிக்காரர் ஊர் முழுக்கச் சொல்லுவார்கள். அவர்கள் நூறு பிழை விடலாம், எங்களால் ஒன்றுகூட விடமுடியாது.

அன்று வீட்டுக்கு வந்து அக்கா தாள்களை அடுப்படியில் நின்று கிழித்தார். முதலில் கையெழுத்தைக் குறுக்கே கிழித்தார். மொனிகா என்னவென்று கேட்டதற்கு, பழைய தாள் என்றார்.

கிறிஸ்மஸுக்கு முன்னரே செய்தி வந்துவிட்டது. அரசாங்கச் செலவுச் சட்டம் என்ற பெரிய மூட்டையில் வேறு நூறு விசயங்களோடு இந்த வரியும் பழைய அளவுக்கு ஏற்றப்பட்டிருந்தது. ஒரே ஒரு வருடத்துக்கு. கம்பனிகளின் சங்கம் பெரிதாக எதிர்க்கவில்லை, அதுவே டொலோரஸுக்குச் சந்தேகமாக இருந்தது. ஒரு வருடம் என்பது அவர்களுக்கு ஒரு வேலை ஆண்டு, எங்களுக்கு அதற்குள் எத்தனை செத்தவீடு வரும் என்றார். சந்தோசப்பட்டவர் குரலாக அது இருக்கவில்லை.

பேச்சின் முடிவில் டொலோரஸ் ஒரு உதவி கேட்டார். கார்மேலாவைப் போல ஓய்வு பெற்றுச் சிசிலிக்குத் திரும்பிய கரிக் குடும்பங்கள் இன்னும் இருக்கும். அவர்களுக்கும் அங்கே வோட்டு இருக்கும். ஊர் ஊராக விசாரித்து நாலைந்து பெயரைப் பிடித்துத் தர முடியுமா? அடுத்த மார்கழிக்கு இப்போதே தொடங்கவேண்டும்.

அக்கா நிமிர்ந்து நின்று யோசித்ததாகச் சொன்னார். கிழவி இருந்திருந்தால் ஓம் என்று சொல்லச் சொல்லியிருப்பார். ஆறு நாள் வேலை, முதுகு வலி, ஏழாம் நாள்தான் தன் வீட்டைக் கூட்டுகிற நாள்.

"எனக்கு ஏலாது டொலோரஸ். நான் நல்லாக் களைச்சுப்போனன்," என்று ஆங்கிலத்தில் சொன்னாராம். என்னிடம் அதைத் தமிழில் சொல்லும்போதும் குரல் அப்படியே இருந்தது.

டொலோரஸ் கோபிக்கவில்லை. நானும் பன்னிரண்டு வருடமாக அதைத்தான் ஒவ்வொரு தையிலும் சொல்கிறேன் என்றார். இருவரும் கிறிஸ்மஸ் வாழ்த்துச் சொல்லி வைத்துவிட்டார்கள். அதன்பிறகு அழைப்பு வரவில்லை. டொலோரஸின் எண்ணை அக்கா அழிக்கவும் இல்லை.

அந்த வருடத்துக் கடைசி ஞாயிறு எங்கள் தமிழ்ப் பூசைக்கு அக்கா நேரத்தோடு வந்திருந்தார். இறந்தவர்களுக்காக மன்றாடும் பெயர்களை ஒரு துண்டில் எழுதிக் கொடுப்பது வழக்கம். மன்னார், பேசாலை, நாரந்தனை என்று எங்கள் ஊர்களோடு வரும் பெயர்களுக்கு நடுவே கார்மேலா, பென்சில்வேனியா என்று இருந்ததைப் பார்த்து, பூசை வைக்கும் பாதிரியாரான சுவாமி வாசிக்குமுன் அக்காவைக் கூப்பிட்டு, இவர் உங்களுக்குச் சொந்தமோ என்று கேட்டார். நான் பக்கத்தில் பாட்டுப் புத்தகங்களை அடுக்கிக்கொண்டு நின்றேன்.

"சொந்தமில்லைச் சுவாமி," என்றார் அக்கா. "நான் அவவுக்குக் கடிதம் எழுதிக் குடுத்தனான்."

சுவாமி தலையாட்டிவிட்டுத் துண்டை மற்றவற்றோடு சேர்த்துக்கொண்டார். அக்கா மூன்றாவது வாங்கில் போய் அமர்ந்து, பூசை தொடங்குமுன் செருப்பைக் கழற்றிக் கால்களை ஆறவிட்டார்.